இரண்டு பேருக்கு லீவு

உன் ஸ்வெட்டரை இன்று பெட்டியின் அடியிலிருந்து எடுத்தேன். அறை முழுக்கப் பாச்சை உருண்டை வாசம். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும் திருவனந்தபுரத்தில், நாம் தங்கிய ஆரியசாலை மாடி அறையில், பழுப்பு நிறக் கம்பளி ஸ்வெட்டர். உன் பெட்டிக்குப் பூட்டு இல்லையென்று என்னுடையதில் வைத்தாய். விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை.

நீ அதை வாங்கி வந்த அன்று சிரித்தேன். "இந்த ஊர்ல ஸ்வெட்டர் வாங்குன மொத ஆளு நீதாண்டே."

"சிரிக்காத மச்சான். இங்கயே கெடந்து எனக்கும் குளிரு மறந்துபோச்சு. கார்த்திகைல அங்க வந்து பாரு, பல்லு தந்தியடிக்கும்."

மூணாறில், தேசியப் பூங்காவின் எல்லையை ஒட்டிய தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன் நீ. தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறை. உன் அம்மா காலமெல்லாம் பூங்காவுக்கு வெளியே கொழுந்து பறித்தார். வரையாடு பார்க்க உள்ளே போகிற பயணிகள் அவரைப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை. மழை ஓய்ந்து மலை தெளியும் கார்த்திகையில், டிக்கெட் எடுத்து, வனத்துறை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவரை உட்காரவைக்க வேண்டும் என்பது உன் திட்டம்.

"நீயும் வரணும்டே. போட்டோ எடுக்க ஒரு ஆளு வேணும்லா."

ஆனால் கடை? மளிகை மொத்த வியாபாரம். நான் கம்ப்யூட்டரில் பில் போடுவேன், நீ குடோனைப் பார்ப்பாய். உன் வேலை எனக்குத் தெரியும், என் வேலை உனக்குத் தெரியும். அதுவே வினையானது. ஒருவன் போனால் மற்றவன் நிற்க வேண்டும். "ரெண்டாளும் ஒருமிச்சுப் போனா கடைய ஆரு நோக்குவா? மலை என்ன, ஓடியா போகுது?" என்பார் முதலாளி. ஒவ்வொரு வருடமும் அதே பதில். போன வருடம்தான் இறங்கிவந்தார். "சரி, கார்த்திகைல போயிட்டு வாங்கடே. ஆனா அதுக்கு முந்தி ஒருத்தனும் லீவுன்னு வந்து நிக்கப்பிடாது, கேட்டியா?"

ஐப்பசி மழையில் குடோனுக்குள் தண்ணீர் ஏறியது. எலிகள் நீந்தின. காலில் வெட்டுக்காயத்தோடு முழங்கால் தண்ணீரில் நின்று பருப்பு மூட்டைகளை மேலே ஏற்றினாய். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். கண்கள் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"இப்ப லீவெடுத்தா மலை போச்சு மச்சான். சாரமில்ல, ஒண்ணும் ஆவாது, ஒரு மாத்திரை போட்டா மாறிரும்."

எலிக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னபோது உன் சிறுநீரகம் கெட்டிருந்தது.

உன் சாவை விதி என்றார் முதலாளி. விதி வந்தா குடோனில் மூட்டை தூக்கச் சொன்னது? ரப்பர் பூட்ஸ் வாங்கித் தராதது விதியா? உன்னை ஊருக்குக் கொண்டுபோன அன்றும் அவர் கடையை அடைக்கவில்லை. எனக்கு மட்டும் லீவு கொடுத்தார். நாம் இருவரும் ஒன்றாக லீவு எடுத்தது அந்த ஒரு நாள்தான்.

உன்னை ஏற்றிய ஆம்புலன்ஸ் பூங்கா வாசலுக்கு முன் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் சுற்றுலாக் கார்கள். சைரனுக்கு நடுவே ஒருவன் சாலையில் நின்று மலையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். கீழே இறங்கி அவனை அடிக்கத் தோன்றியது. இறங்கவில்லை. அப்போதே அலுத்திருந்தேன். இன்னும் அந்த அலுப்பு தீரவில்லை.

இந்தக் கார்த்திகைக்கு நான் லீவு கேட்கவில்லை. போகிறேன் என்றேன்.

"கடைய ஆரு நோக்குவா?"

"நீங்க நோக்குங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு விசிறியைப் பார்த்தார். திரும்பி வரும்போது வேலை இருக்குமோ என்னவோ.

நேற்று உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். "உள்ள போயி என்னத்தப் பாக்க தம்பி? வரையாடு எங்க லயத்து வாசலுக்கே வருமே," என்றார். பிறகு அவரே கேட்டார்: "ஜன்னல் சீட்டு கிடைக்குமா?"

"கிடைக்கும்மா."

"அவன் ஸ்வெட்டரு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்னானே, இருக்கா?"

"இருக்கு. கொண்டுவாரேன்."

"கையில கொண்டாராத. போட்டுக்கிட்டு வா. கீழ்நாட்டுப் புள்ள, ஒனக்குக் குளிரு தாங்காது."

விலைச்சீட்டை இப்போதுதான் கிழித்தேன். போட்டுப் பார்த்தேன், வியர்த்துக் கொட்டுகிறது. கை கொஞ்சம் நீளம். மடித்துவிட்டிருக்கிறேன்.