அப்பா வயிற்றில் காலி செய்யாத குடித்தனம்

அக்கா, நேற்று சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்துப் பானிபூரிக் கடையில் புதினாத் தண்ணீர் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. பக்கத்தில் தட்டோடு நின்றவர் அப்பா.

நீங்கள் எங்கள் அஸ்தினாபுரம் வீட்டு மாடிக்குக் குடிவந்து, காட்டாங்குளத்தூரில் வயிற்றுப்புண் கிருமியை ஆராய்கிறீர்கள் என்று தெரிந்த அன்றே உங்கள் கதவில் ‘கிருமி மகாராணி’ என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் எங்கள் வாசலில் ஒரு லேப் ரிப்போர்ட் கிடந்தது. பெயர்: என்னுடையது. மாதிரி: மூளை. முடிவு: வளர்ச்சி எதுவும் இல்லை. சீல் வேறு. எனக்குச் சரியான ஜோடி மாடியில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

அப்பாவுக்கும் அந்தக் கிருமிதான். மாத்திரை சாப்பிட்டார், எரிச்சல் நின்றது. அதைக் கொண்டாட, அம்மாவுக்குத் தெரியாமல் நான்தான் அவரைப் பானிபூரிக்கு இழுத்துப் போனேன். மூன்றே வாரத்தில் பழையபடி எரிச்சல்.

“கண்ட தண்ணியக் குடிக்க வெச்சுத் திரும்ப வர வெச்சுட்டியேடா” என்றாள் அம்மா. ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

உங்களிடம் சொன்னபோது நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. “கிருமியோட ரேகைய எடுத்துப் பாத்துடலாம்டா” என்றீர்கள். ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் முதலில் எடுத்த கிருமி ஆராய்ச்சிக்காக உங்கள் லேபில் பத்திரமாக இருந்தது. அப்பா சம்மதத்தோடு புதிதாக எடுத்ததையும் சேர்த்து, இரண்டின் மரபணுவையும் கோடு கோடாகப் பிரியும்படி ஜெல்லில் பக்கம் பக்கமாக ஓடவிட்டுப் படம் கொண்டுவந்தீர்கள். கறுப்பில் வெள்ளைக் கோடுகள். இரண்டு வரிசையும் அச்சு அசல் ஒன்று.

“ஒரே ஆளுதான் ஆன்ட்டி. வெளியிலேர்ந்து வந்திருந்தா கோடு வேற மாதிரி இருக்கும். இது காலி பண்ணவே இல்ல. போன தடவை எடுத்தது லேப்ல அந்த மாத்திரைக்குச் செத்துது. இப்போ எடுத்தது அதுலயே நீச்சல் அடிக்குது” என்றீர்கள் அம்மாவிடம்.

பிறகு அப்பாவிடம் மெதுவாக, “அந்த மாத்திரை வாயெல்லாம் கசக்குமே, அங்கிள்?”

அப்பா பேப்பரை மடித்தார். “அஞ்சு நாள் போட்டேம்மா. எரிச்சல் நின்னுடுச்சு. மீதிய குரோட்டன்ஸ் தொட்டில…”

“அதான் அது கருகிச்சா” என்றாள் அம்மா. அப்பா என்னைப் பார்த்து “சாரிடா” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சாரி.

அவர் மாத்திரையைப் பாதியில் விட்டது உங்களுக்கு முன்பே புரிந்திருக்கும். போட்டுக்கொடுத்திருக்கலாம். அவரே சொல்ல இடம் விட்டீர்கள். கையில் அப்படி ஒரு சரக்கை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைப் போன்றவனுக்குத்தான் தெரியும்.

டாக்டர் வேறு மருந்து கொடுத்தார், பதினான்கு நாளைக்கு. தினமும் மாடியிலிருந்து “அங்கிள், தொட்டிக்கா, வாய்க்கா?” என்று கேட்பீர்கள். கடைசி நான்கு நாள் அந்தக் குரல் இல்லை. டெங்கு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்; நீங்கள் மாடிக்குத் திரும்பவே இல்லை. அந்த நான்கு நாளும் அப்பா படிக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, “வாய்க்குத்தாம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் விழுங்கினார்.

நேற்றுதான் முடிவு வந்தது. கிருமி இல்லை. நீங்கள் பார்க்காத ஒரே ரிப்போர்ட். பானிபூரிக்கு இந்தத் தடவை என்னை இழுத்துப் போனது அவர்.

என் போன் கவருக்குள் இருந்த, நீங்கள் கொண்டுவந்த அந்தக் கோடுகளின் படத்தைக் கடைக்காரர் உற்றுப் பார்த்தார். “இன்னாப்பா இது?”

“என் காண்டக்ட் சர்டிபிகேட்ணா” என்றேன். “நான் நல்லவன்னு வேற யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க.”