உன் பெயரில் வாங்கிய டோக்கன்

மேலூர் ரோடு,
ஸ்ரீரங்கம்.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். நீயும் அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் நீ அப்படி இல்லை என்பது தெரிந்த பிறகு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ உடனே ஒன்று சொல்லியாக வேண்டியிருக்கிறது. இதை நீ எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம், பாதியில் மடித்து வைத்துவிடலாம். எதிர் வீட்டு சுரேஷ்குமார் வேலை கிடைத்து நாளைக்கு டப்ளினுக்குத்தான் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டிக் கொடுத்திருக்கிறாள், வாங்கிக்கொள்.

வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டது, பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஜனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், டிராபிக் போலீஸ் விரட்டினால் நகர்ந்து போய்த் திரும்ப நிற்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, உட்கார்ந்து எழுந்திருக்கக் கஷ்டப்படுகிறாள், ஆனாலும் சனிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்த மாட்டேன் என்கிறாள். உன் ஸ்கூட்டியை அவ்வப்போது ஸ்டார்ட் பண்ணித் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வருகிறேன், இல்லாவிட்டால் பேட்டரி போய்விடும். அழகிரி மாமா கடைப்பக்கம் பார்க்கும்போதெல்லாம், "பொண்ணு வேலையும் பாத்துக்கிட்டுப் படிக்கவும் செய்யுதாமே, கெட்டிக்காரிதான்" என்கிறார். முன்பெல்லாம் அதைக் கேட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வருவேன். இப்போது அவர் கடை இருக்கும் பக்கமே போவதில்லை.

யாழினி, எனக்கு எல்லாம் தெரியும். உன்னோடு தங்கியிருக்கும் பானு போன் செய்தாள். அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே. "அங்கிள், நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள், சொல்வதற்குள் அவளே அழுதுவிட்டாள். நீ ஆபீஸ் மாடிப்படியில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாயாம், மூச்சு வாங்கிக் கையெல்லாம் மரத்துப்போய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஹார்ட் அட்டாக் என்றே நினைத்துவிட்டாயாம். ஆம்புலன்ஸில் ஏற்றிப் போய் எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, பகலெல்லாம் வேலை, சாயங்காலம் வகுப்பு, தூக்கம் இல்லை, மனசு தாங்காமல் உடம்பு இப்படிக் காட்டுகிறது என்றார்களாம். மறுநாளே நீ ஆபீசுக்குப் போய்விட்டாய் என்றும் சொன்னாள். அந்த வாரம் நீ எங்களிடம் வீடியோவில் பேசினாய். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லம்மா, இங்க வெளிச்சம் அப்படி" என்றாய். நாங்களும் நம்பினோம்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. பீரோவைத் திறந்து ஸ்வெட்டரைத் தேடினாள். நாம் டெல்லி போனபோது வாங்கினோமே, அந்த மெரூன் ஸ்வெட்டர். "எப்பங்க கிளம்பறோம்?" என்று கேட்டாள். நீ துவாக்குடியில் ஹாஸ்டலில் இருந்தபோது காய்ச்சல் என்று தெரிந்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, ரசத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வந்து நிற்பாளே, அந்த ஞாபகத்தில் கேட்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டே இல்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? மறுநாள் ஜங்ஷன் பக்கம் ஒரு டிராவல்ஸில் போய் விசாரித்தேன். பாஸ்போர்ட் வர வேண்டும், பிறகு விசா, அதற்கும் மாதக்கணக்கில் ஆகலாம், கிடைக்கும் என்று உறுதியும் சொல்ல முடியாது என்றார்கள். அங்கே இருந்த பெண் நல்ல பெண், "அவசரமா சார்?" என்று கேட்டது. அவசரம்தான், ஆனால் என்னவென்று சொல்வது? அடிபட்டிருக்கிறாள் என்றோ ஆபரேஷன் என்றோ சொல்லலாம் என்றால் அதுவும் இல்லை. "இல்லம்மா, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆயுசு பூராவும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். வண்டி ஒன்று ஓடாது என்று வந்து நின்றால் அதைச் சுற்றி வந்து எங்கே என்று பார்ப்போம், நாலு பேர் கூடிப் பேசுவோம். உனக்கு எங்கே என்று என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டில் உட்காரவும் முடியவில்லை. கடைசியில் தென்னூரில் ஒரு மனநல டாக்டர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மாவிடம் சொன்னேன். "அவ இல்லாம டாக்டர் யாரைங்க பாப்பாங்க?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் போனேன். பேஷண்ட் பேர் என்ன என்று கேட்டார்கள், யாழினி என்று சொல்லி டோக்கன் வாங்கிக்கொண்டேன். சுற்றிலும் யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான். ஒரு அம்மா தன் மகன் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், அவனுக்கு உன் வயது இருக்கும். எனக்கு அந்த அம்மாவைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு பொறாமை எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

உன் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் எழுந்து போனேன். டாக்டர் பெயர் ஷரபுன்னிசா, நடுவயது, ரொம்பப் பொறுமையானவர். "யாழினி வெளிய இருக்காங்களா?" என்று கேட்டார். "அயர்லாந்துல இருக்கா டாக்டர்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "ஐயா, நான் பாக்காதவங்களுக்கு மருந்து எழுத முடியாது, அது தப்பு. ஆனா நீங்க இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, சொல்லுங்க" என்றார். பானு சொன்னதை எல்லாம் சொன்னேன். இந்த மாதிரி மூச்சு முட்டுவது நிறையப் பேருக்கு வருகிறது, உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் சும்மா விடக் கூடாது, உன் காலேஜிலேயே இதற்கென்று ஆள் இருப்பார்கள், அவர்களிடம் நீயே போய்ப் பேச வேண்டும், தூக்கத்தை விட்டுக் கொடுக்கக் கூடாது, பாரத்தில் ஏதாவது ஒன்றைக் கொஞ்ச நாளைக்காவது இறக்கி வைக்க வேண்டும் என்றார். இதெல்லாம் உனக்கும் தெரிந்திருக்கும். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க போன் பண்ணா என்ன கேப்பீங்க?" என்றார். சாப்பிட்டியா, தூங்கினியா, வேலை எப்படிப் போகுது, பரீட்சை எப்ப, இதைத்தான் கேட்பேன் என்றேன். "இதுல எதுக்காவது அவங்களால உண்மையைச் சொல்ல முடியுமா? சொன்னா நீங்க ரெண்டு பேரும் தூங்க மாட்டீங்க, அது அவங்களுக்குத் தெரியும். அதனால நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க. அதுவும் அவங்களுக்கு இன்னொரு வேலை" என்றார். அப்போ நான் என்னதான் கேட்பது என்றேன். "எதுவும் கேக்காதீங்க, லைன்ல மட்டும் இருங்க" என்றார்.

எழுந்திருக்கும்போது நான் மேஜையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லி பிரஷர் பார்த்தார். அதிகமாக இருந்தது. நீங்க தூங்கறீங்களா என்று கேட்டார், தூங்கறேன் என்றேன். அவர் அதையே மறுபடியும் கேட்டார், அப்போது நானும் உண்மையைச் சொன்னேன். உனக்கு மருந்து வாங்கப் போனவன் எனக்கு மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். பயப்படாதே, சின்ன மாத்திரைதான், இப்போது பரவாயில்லை. நானும் உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அதற்கு அப்புறம்தான் நான் உனக்குப் போன வாரம் சனிக்கிழமை போன் செய்தது. உனக்கு மத்தியானம், இங்கே விளக்கு வைக்கும் நேரம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நீ எடுத்து, "சொல்லுங்கப்பா, நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா, வாயில் வந்ததை எல்லாம் முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நீ, "அப்பா, என்னால முடியலப்பா" என்றாய். சின்னப் பிள்ளையில் கூட நீ அப்படிச் சொன்னதில்லை. என்ன முடியவில்லை, வேலையா, படிப்பா, அங்கே இருப்பதா என்று கேட்க நாக்கு துடித்தது. "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். நீ அழுதாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அப்பா செய்யக்கூடியது அவ்வளவுதானா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. வைக்கும்போது உன் குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது போல எனக்குப் பட்டது. என் ஆசைக்கு அப்படிப் பட்டதோ என்னவோ.

வந்துவிடு என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது, நீ இவ்வளவு பாடுபட்டதை நானே தட்டிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று. பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்ல அதைவிடப் பயமாக இருக்கிறது. இரண்டில் எது சரி என்று அம்மாவிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அதனால் இரண்டையும் சொல்லாமல் விடுகிறேன், நீ எது செய்தாலும் அழகிரி மாமாவுக்கும் மற்றவர்களுக்கும் பதில் சொல்வது என் பொறுப்பு, அதைப் பற்றி நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு நானும் அம்மாவும் விண்ணப்பம் போட்டுவிட்டோம். போட்டோ எடுக்கும்போது அம்மா அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள், இந்த வெயிலில். ஸ்டூடியோக்காரர் கழற்றச் சொல்லித்தான் கழற்றினாள்.

காலேஜில் அந்த ஆளைப் பார்க்க வியாழக்கிழமை உனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பானு சொன்னாள். முடிந்தால் போ, பானுவைத் துணைக்குக் கூட்டிக்கொள். போனாயா என்று நான் கேட்க மாட்டேன்.

ரெங்கநாதர் துணையிருப்பார். நீ நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. நாங்கள் போன் செய்யும்போது பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், எடுத்து அப்படியே மேஜை மேல் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நீ நடக்கிற சத்தம், பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்டால் போதும், நாங்கள் இந்தப் பக்கம் இருப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பிச்சமுத்து