பலாப்பிசின் எடுக்கும் எண்ணெய்

அக்கா, உன் தம்பி ஏகாம்பரம் எழுதுகிறேன். மாமாவை என்ன செய்வது என்று கேட்க உன்னைத் தவிர எனக்கு வேறு எவரும் இல்லை.

நேற்று உன் சமையலறையில் மாமா பலாப்பழம் அறுத்தார். பழ வாசனையோடு செக்குக் கடலை எண்ணெயின் வாடையும் சேர்ந்து வர, நீ உள்ளே இருப்பதாகவே ஒரு கணம் நினைத்துவிட்டேன். சுளைகளை எடுத்ததும் எண்ணெய் தடவிக் கைப்பிசினைத் துடைத்தார். பிறகு அதே எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து விழுங்கினார். மருத்துவர் அவருக்கு எழுதிக்கொடுத்த கொழுப்பு மாத்திரை, அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது.

பழக்கம் உன்னுடையது. உன் இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று வந்து, நான் மாத்திரை சாப்பிடச் சொன்னபோது, "யாருக்குடா கொழுப்பு? அக்காவ வூடு தேடி வந்து மெரட்டற பாரு, உனக்குத்தான்" என்று சிரித்தாய். பிறகு உன் நியாயத்தைச் சொன்னாய்: "கையில ஒட்டின பலாப்பிசின சோப்பு கழட்டுதா? எண்ணெதானே கழட்டுது. உள்ள ஒட்டிக்கினு கீற கொழுப்பயும் அதான் கழட்டும்."

நான் வேதியியல் படித்தவன். முறைப்படி விளக்கினேன். நெய்க்கும் பாமாயிலுக்கும் பதிலாகக் கடலை எண்ணெயை அளவோடு சேர்த்தால் கெட்ட கொழுப்பு சற்றுக் குறையக்கூடும். ஆனால் குடித்த எண்ணெய் செரித்து, உடைந்து, எரியும் அல்லது உடம்பிலேயே சேரும். இரத்தக் குழாயை வழித்துக்கொண்டு போகாது. மாத்திரைக்கு மாற்றும் ஆகாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொள தின்னு" என்றாய்.

மாரடைப்போடு உன்னைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டு போன வண்டி திருப்புலிவனம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதில்லை என்பது என் விதி.

நேற்று மாமாவிடம் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னா மச்சான், பேஜார் பண்ற? உங்கக்கா எனக்குத் தப்பாவா சொல்லிட்டுப் போயிருப்பா?" என்றார்.

ஆமாம், தப்பு என்று சொல்ல வாய் எழவில்லை, அக்கா. அந்த ஒரு கரண்டியில்தான் அவர் இன்னும் உன்னோடு குடித்தனம் நடத்துகிறார். அதைப் பிடுங்கினால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும்? பிடுங்காவிட்டால் அவராவது மிஞ்சுவாரா?

ஆகவே என் விதியை நானே மீறப் போகிறேன். நாளை முதல் தினமும் போய், சிறு கரண்டியில் பாதி எண்ணெயும் அந்த மாத்திரையும் சேர்த்து நீட்டுவேன். "ரெண்டையும் ஒண்ணாத்தான் சாப்பிடணும்னு அக்கா சொல்லியிருந்தா, மாமா" என்பேன்.

இல்லை என்று சொல்லவாவது நீ வந்துவிட மாட்டாயா?