அஞ்சு பதில்

பாபடோயிட்டோய்
ஜூலை 14, 2025

மாமா,

அகில் முழிச்சுட்டான். அதத்தானே கேட்டு சீட்டு எழுதி என் லெட்டர்பாக்ஸ்ல போட்டுட்டுப் போனீங்க? விசாரணை முடியற வரைக்கும் கோச்சுங்க நாம ரெண்டு பேரும் ஃபோன்ல பேசக்கூடாதுன்னு காலேஜ் சொன்னாலும் சொன்னாங்க, கடுதாசி எழுத வேண்டியிருக்கு.

அவன்கிட்ட டாக்டர் பேரக் கேட்டாரு. "கிளென்ஃபீல்ட் கிரவுண்டு"ன்னான். இது யாருன்னு அவன் அம்மா வேதவள்ளி அக்காவக் காட்டுனாரு. "ரெண்டாவது பாதி"ன்னான். அப்புறம் எதிர் டீம், கடைசி கோல் போட்டவன், போன வாரம் ஜெயிச்சது, யாரும் கேக்காமலே ஒப்பிச்சான். அக்கா அழுதுகிட்டே சிரிச்சாங்க. "பாரு கிருஷ்ணா, புள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு!"

அதெல்லாம் தலையில அடிபட்டவன திரும்ப ஆட்டத்துல இறக்குறதுக்கு முன்னாடி கேக்குற அஞ்சு கேள்விக்குப் பதில். அன்னைக்குக் கேள்வி கேட்டது நான். பதில அவன இடைவேளையிலயே மனப்பாடம் பண்ண வச்சது நீங்க. கடகடன்னு சொன்னான், இறக்கிட்டோம், கொஞ்ச நேரத்துல மயங்கி விழுந்தான்.

வியாழக்கிழமை விசாரணை. என்ன சொல்லட்டும்?

கிருஷ்ணா

கிளென் ஈடன்
ஜூலை 15, 2025

அன்பு மருமகப்பிள்ளைக்கு,

ஆஸ்பத்திரியிலேயே பழி கிடக்கிறாயாம், உன் அத்தை வருத்தப்படுகிறாள். வேளைக்குச் சாப்பிடு.

கேட்டோம், சரியாகச் சொன்னான், இறக்கினோம். இதில் பொய் ஏது? அதோடு நிறுத்திக்கொள்.

1956இல் நம் பழைய ஊர் ஈப்போவில் உன் தாத்தா காலேஜ் டீமுக்குக் கோச். கூட இரண்டு உதவியாளர்கள். மூவரும் நிற்கும் படம் நம் ஹாலில் இருக்கிறதே. அடிபட்டவனுக்கு ஈரப் பஞ்சு, கன்னத்தில் ஒரு தட்டு, "உள்ளே போ." எது நடந்தாலும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்ததில்லை. நீ படிப்பை விட்டு நின்றபோது உன்னை உதவிக் கோச்சாகப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது யார்?

மாமா
மோகனதாஸ்

காலேஜ் ஆபீஸ் வாசல்
ஜூலை 17

மாமா,

அந்தப் படத்துல மூணு பேர் இல்ல, நாலு. அவங்க கால்கிட்ட தலையில கட்டோட ஒரு ஆட்டக்காரர் உக்காந்திருக்காரு, கேமராவப் பாக்காம. யாருன்னு ஒருவாட்டி கேட்டேன். "அந்த அடிக்கப்புறம் அவருக்குப் பேச்சு வரல, தாத்தாதான் சோறு போட்டாரு"ன்னு பெருமையா சொன்னீங்க.

வேதவள்ளி அக்கா பக்கத்துல இருக்காங்க. எனக்கு இட்லி கொண்டாந்திருக்காங்க. உங்களுக்காகப் பேசத்தான் வந்தாங்களாம். "எம்புள்ள அஞ்சுக்கும் கரெக்டா சொன்னானே, கோச் மேல என்னப்பா தப்பு"ன்னாங்க.

அக்காகிட்ட சொல்லிட்டேன். மனப்பாடம் பண்ண வச்சது வரைக்கும், எல்லாத்தையும்.

அக்கா இட்லி டப்பாவ மூடி மடியில வச்சுகிட்டாங்க.

விசாரணைக்கு என் பேரக் கூப்புடுறாங்க. போகணும்.