தமிழ் அறியாத காது

ஜூன் 6, சனி

பாவசங்கீர்த்தனத்துக்கு இன்று முப்பத்தோரு பேர். எண்ணினேன். வரிசையில் நிற்கும்போது வேறு என்ன வேலை?

எங்கள் கோயிலில் எட்டரை மணிப் பூசை தமிழில், பத்தரை மணிப் பூசை இந்த ஊர்க்காரர்களின் மொழியில்; நாங்கள் அதை 'அந்த மொழி' என்றுதான் சொல்வோம். ஆட்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது: எட்டரை மணிக்காரர்கள், பத்தரை மணிக்காரர்கள். பாவத்தைச் சாமியாரிடம் சொல்வதற்கு மட்டும் இரு தரப்புக்கும் ஒரே நேரம், சனி மாலை ஐந்து. வரிசையில் பத்தரை மணிக்காரர்கள் நான்கு பேர். மீதி எல்லாம் நாங்கள்.

நாங்கள் என்ன அவ்வளவு பாவிகளா? இல்லை. ஃபாதருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான்.

வந்து ஒரு வருடம் ஆகிறது. தமிழ்ப் பூசையைத் தன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு அர்த்தம் தெரியாமலே கடகடவென்று வாசித்துவிடுவார். 'இந்தப் பலியை ஏற்றுக்கொள்ளும்' என்பது ஞாயிறுதோறும் 'இந்தப் பல்லியை ஏற்றுக்கொள்ளும்' ஆகிவிடும். பல்லியை யாரும் ஆட்சேபித்ததில்லை. ஏனென்றால் சனிக்கிழமை அவர் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நாம் தமிழில் எதைச் சொன்னாலும் 'உம்... உம்...' என்று கேட்டுவிட்டு, பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். கொலைக்கும் மூன்று, கொசு அடித்ததற்கும் மூன்று.

நானும் போனேன். அதே பாவம். முந்தைய ஃபாதருக்குத் தமிழ் தெரியும், அதனால் அவரிடம் ஐந்து வருடம் வாயைத் திறக்கவில்லை. இவரிடம் மாதம் ஒருமுறையாகப் பன்னிரண்டு முறை சொல்லியாகிவிட்டது. சொன்னால் மனசு லேசாக வேண்டாமா? ஏன் ஆகவில்லை?

ஜூன் 14, ஞாயிறு

பங்குப் பேரவைக் கூட்டம். தமிழர் தரப்புத் தலைவருக்கு 'தீர்மானம்' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் தீர்மானம். இன்று மேசையைத் தட்டி, "நம்ம தாய்மொழியில நம்ம மனசைத் திறந்து பேசணும்னா, பங்குச் சாமியார் தமிழ் கத்துக்கத்தான் வேணும்!" என்று முழங்கினார். நாங்கள் கைதட்டினோம். இந்தத் தீர்மானம், தமிழ் தெரிந்த சாமியார் இருந்த வருடங்கள் நீங்கலாக, பன்னிரண்டு வருடமாக வருடத்துக்கு ஒருமுறை நிறைவேறுகிறது. எந்தச் சாமியாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அந்த தைரியத்தில்தான் நிறைவேற்றுகிறோம்.

இவர் எழுந்து நின்று, சரி, கற்றுக்கொள்கிறேன், யார் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

கைதட்டல் அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். "பொறுமையா கத்துக்குடுக்கறது இவங்களுக்குக் கைவந்த கலை" என்று தீர்மானம் என்னைக் கைகாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

ஜூன் 16, செவ்வாய்

முதல் வகுப்பு. பங்கு அலுவலகத்தில், மாலை ஆறு மணி. இனி செவ்வாயும் வியாழனும். ஃபாதர் கோடு போட்ட புது நோட்டு, மூன்று நிறப் பேனா சகிதம் வந்து உட்கார்ந்தார். வயது நாற்பத்தெட்டு, உட்கார்ந்த விதம் எட்டு.

மூலையில் எழுத்தர், பத்தரை மணிக்காரர், வேலையில் இருந்தார். ஞானஸ்நானப் பதிவை எழுதி, இன்னொரு நகல் எழுதி, அதற்கும் ஒரு நகல் எழுதிக்கொண்டிருந்தார். எதையும் மூன்று நகல் எடுத்து மூன்று அலமாரியில் வைப்பார். ஒரு சான்றிதழ் வாங்கப் போனால் அரை நாள் போய்விடும். பங்கே அவரைத் திட்டுகிறது. நான் மட்டும் திட்டுவதில்லை.

ஜூன் 25, வியாழன்

மனிதர் கற்பூரம். 'ழ' வந்துவிட்டது! நம்ம வீட்டிலேயே வராதவர்கள் இருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

ஜூலை 2, வியாழன்

உறவுமுறைப் பாடம். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி. அதோடு நோட்டை மூடினேன்.

அவர் விடவில்லை. பிறகு இளைய சகோதரியை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார்.

"அதுக்குத் தமிழ்ல சொல் இல்ல ஃபாதர்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டார்: இளைய சகோதரி — இல்லை.

எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். நாலு தெரு தள்ளி. அவள் கணவர் அந்த மொழிக்காரர், மகளுக்கும் தமிழ் வராது. ஆறு வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது, அடக்கப் பூசையில் அவள் மகள் அந்த மொழியில் ஒரு மன்றாட்டு வாசிப்பதாக இருந்தது. குழந்தைக்குப் பதினோரு வயது, தானே எழுதியது. தாளை அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். நான் போய், பூசை முழுக்கத் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டி, எழுத்தர் அந்தப் பக்கம் திரும்பியபோது தாளை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பூசைக்குப் பிறகு தங்கை கேட்டதும், "ஆஃபீஸ்ல தொலைச்சுட்டாங்களாம்" என்றேன். அவள் எழுத்தரை நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிட்டாள். அம்மாவுக்குக்கூட மரியாதை வாங்கித் தர முடியாத அக்கா என்று என்மீதும் கோபம். அன்றோடு பத்தரை மணிப் பூசைக்குப் போய்விட்டாள். பேச்சு நின்றது. எழுத்தர் அன்றிலிருந்து மூன்று நகல் எடுக்கிறார்.

இதுதான் நான் பன்னிரண்டு முறை சொன்னது. தமிழ் தெரியாத காதில்.

ஜூலை 7, செவ்வாய்

இன்று 'பொய்' வர வேண்டிய பாடம். 'பொய்கை'க்குத் தாவினேன். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தே ஓட்டுகிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேருந்துப் பணிமனையில் என்ஜினோடு பேசிப் பேசி மனிதர்களிடம் அளந்துதான் பேசுவார். "நீ பாடம் நடத்துறியா, கத்தரி போடுறியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 19, ஞாயிறு

'பலி' என்றார். பல்லி இல்லை. பலி. அழுத்தம் திருத்தமாக.

முன் வரிசைகளில் ஒரு சலசலப்பு. ஏதோ பறிபோனது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பூசைக்கு முன், ஃபாதர் உடை மாற்றும் அறையில் வாசகப் புத்தகம் எடுக்க நின்றிருந்தேன். ஃபாதருக்கு ஒரு முழம் தள்ளி நின்று தீர்மானம் பாடகர் குழுத் தலைவியிடம் சொல்கிறார், வழக்கம்போல் சத்தமாக: "இந்தாளுக்குப் பிரசங்கமும் வராது, சமையலும் வராது. எதுக்குத்தான் அனுப்பினாங்களோ."

ஃபாதர் இடுப்புக் கயிற்றைக் கட்டியபடியே, "சமையல் கொஞ்சம் வரும்" என்றார்.

தீர்மானத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். திருடனுக்கு ஏணி பிடித்தவளைப் பார்ப்பது போல.

ஆகஸ்ட் 22, சனி

வரிசையில் ஒன்பது பேர்.

ஆகஸ்ட் 29, சனி

இரண்டு பேர். ஒருவர் காது கேளாதவர், செய்தி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொருத்தி, எங்கள் தையல்காரி, கெட்டிக்காரி. அந்த மொழியில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாளாம். "உனக்குத்தான் அந்த பாஷை அரைகுறையாச்சே?" என்று கேட்டேன். "அதான் வசதி. பாவமும் அரைகுறையாத்தான் போய்ச் சேரும்" என்றாள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

தமிழர் தரப்பு மட்டும் ரகசியக் கூட்டம், தீர்மானத்தின் வண்டிக் கொட்டகையில். தீர்மானம் தாழ்ந்த குரலில் வாசித்தார்: பங்குத்தந்தையின் தமிழ் ஆர்வத்தை மனமாரப் பாராட்டுகிறோம். அதேசமயம், ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்தின் உத்தியோகப் பெயர்) மட்டும், தமிழ் அறவே அறியாத ஒரு குருவானவரை மாதம் ஒருமுறை வரவழைத்துத் தருமாறு ஆயரைப் பணிவன்புடன் வேண்டுகிறோம்.

ஏகமனதாக நிறைவேறியது. பன்னிரண்டு வருடத்தில் ஒருவர்கூடத் திருத்தம் சொல்லாத முதல் தீர்மானம். நானும் கையெழுத்துப் போட்டேன். யாரிடமும் மறைக்கலாம், இந்த நோட்டிடம் மறைத்து என்ன?

தமிழில் அனுப்புவதா, அந்த மொழியில் அனுப்புவதா என்பதில்தான் சண்டை வந்து கூட்டம் கலைந்தது.

செப்டம்பர் 12, சனி

இந்த மாதமும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. முதுகுவலி.

செப்டம்பர் 13, ஞாயிறு

முதுகுவலி இல்லை.

செப்டம்பர் 24, வியாழன்

இனி வகுப்பு வேண்டாம் என்றார் ஃபாதர். "போதும். நன்றி. ரொம்ப நல்லா சொல்லிக்குடுத்தீங்க." எழுந்தேன். வாசல்வரை வந்தவர், "சனிக்கிழமை அஞ்சு மணிக்கு இப்ப யாரும் இல்ல. நான் தனியா உக்காந்திருக்கேன்" என்றார்.  அந்த ஒரு மணி நேரம் ஆளில்லாமல் ஒரு மனிதர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டே ஓட்டினேன். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை.

அக்டோபர் 10, சனி

போனேன்.

வரிசையே இல்லை. முழங்கால் போட்டேன். பன்னிரண்டு முறை சொல்லித் தேய்ந்த பாவம்தானே, ஏன் வரமாட்டேன் என்கிறது? கேட்கிற காது ஒன்று அந்தப் பக்கம் இருந்தால் இப்படித்தானா? தாளை எடுத்தது, கைப்பை, எழுத்தர் தலையில் போட்டது, எல்லாம் சொன்னேன். முதல் தடவை சொல்வது போலவே இருந்தது.

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்து:

"மாசாமாசம் ஒரே இடத்துல அழுவீங்க. அந்த இடத்துல ஒரு சொல் வரும். தங்கச்சி. வேற எதுவும் எனக்குப் புரியல. அது மட்டும் மனசுல நின்னுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "தமிழ்ல இல்லாத சொல்."

அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை.

மூன்று அருள் நிறைந்த மரியே கொடுப்பார் என்று காத்திருந்தேன். ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. "ரெண்டு கதவு தட்டணும். ஜெபம் அதுக்கப்புறம்" என்றார். தமிழ் சொல்லிக்கொடுத்ததற்குக் கைமேல் பலன்.

அக்டோபர் 11, ஞாயிறு

மாலை தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது மகள். பதினேழு வயது, என் உயரம். அடையாளம் தெரிந்துகொண்டு உள்ளே போய் அம்மாவை அழைத்து வந்தாள்.

வாசலிலேயே நின்று சொல்லி முடித்தேன். தங்கை கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.  பிறகு:

"நீயா?"

"நான்தான்."

"அவ பேரைக் கூப்பிடுவாங்கன்னு எந்திரிச்சு நின்னா. தெரியுமா உனக்கு? பூசை முடியறவரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தா."

"அம்மாவுக்கு அந்த பாஷை புரியாதேன்னு..."

"யாரு சொன்னா? அம்மா கடைசி ரெண்டு வருஷம் என்கூடதானே இருந்தாங்க? இவகிட்டதான் கத்துக்கிட்டாங்க. நல்லாப் பேசுவாங்க. நீ வர்ற அன்னிக்கு மட்டும் மூச்சு விடமாட்டாங்க. உனக்குக் கோவம் வருமாம்."

கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை. மெதுவாக.

அம்மா எனக்குப் பயந்திருக்கிறாள். என் அம்மா. என்கிட்ட. நான் என்ன பேயா பிசாசா — இல்ல, பேய்தான். அம்மா என்னென்ன பேசினாளோ அந்த பாஷையில. ஒரு வார்த்தை கேட்டதில்லையே நான். அது எனக்கும் தெரிஞ்ச பாஷைதானே. பேசியிருக்கலாமே. ரெண்டு பேரும் பேசியிருக்கலாமே.

அக்டோபர் 13, செவ்வாய்

இரண்டாவது கதவு. அலுவலகம். எழுத்தர் இரண்டாம் நகலில் இருந்தார். அவர் மொழியிலேயே சொன்னேன். பேனாவை மூடினார். நாற்காலியைத் திருப்பினார்.

"அப்ப நான் தொலைக்கலையா?"

"இல்லைங்க."

"ஆறு வருஷமா மூணு அலமாரியிலயும் தேடறேன்" என்றார். பிறகு, "வீட்லகூடத் தேடினேன்" என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் தாளை எடுத்தவர், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பழையபடி கட்டுக்குள் வைத்தார்.

அக்டோபர் 25, ஞாயிறு

தங்கையிடமிருந்து போனில் செய்தி: 'குடையை விட்டுட்டுப் போயிட்ட.' ஆறு வருடத்தில் அவளாக அனுப்பிய முதல் வாக்கியம். நாற்பது தடவை படித்துவிட்டேன். 'வந்து எடுத்துக்கொள்' என்று இல்லை. 'வராதே' என்றும் இல்லை.

அக்டோபர் 31, சனி

கடைசியில் இரண்டு மொழியிலும் அனுப்பிய மனுவுக்கு ஆயரிடமிருந்து பதில் வந்துவிட்டது. எங்கள் கோரிக்கையின் ஆழ்ந்த பக்தியை மெச்சுகிறாராம். தமிழ் அறியாத குருக்கள் ஏராளமாக இருந்தாலும், தமிழ் அறிந்த ஒருவரை எங்களுக்குத் தந்ததில் மகிழ்ச்சியாம். தீர்மானம் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றார். அவர் பின்னால் நான் நின்றேன். உள்ளே போனவர் இருபத்தைந்து நிமிடம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் கேட்டாருங்க. ஒண்ணு விடாம. கடைசியில அதே மூணுதான் குடுத்தாரு!" என்று குறைபட்டுக்கொண்டார். எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று சொல்லி அவரைத் தேற்றவில்லை.

நவம்பர் 1, ஞாயிறு

குடை எடுக்கப் போனேன். வீட்டுக்காரரும் கூட வந்தார், சாட்சிக்கு. தங்கை குடையை நீட்டினாள். பிறகு அவரைப் பார்த்து, "மாமா, நீங்க மட்டும் உள்ள வாங்க" என்றாள். அவரும் போய்விட்டார்! முக்கால் மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். மழைகூட இல்லை.

நவம்பர் 21, சனி

ஆறு பயிற்சி வகுப்பு, ஒருவன் வண்டியை நடைபாதையில் ஏற்றினான். வீடு வரும்போது ஆறரை. கூடத்தில் விளக்கு எரிந்தது. தங்கை நாற்காலியில் கால் மேல் கால் போட்டு, சின்ன வயதில் நான் அவளை எப்படியெல்லாம் அதட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர், "இப்பவும் அப்படித்தான்" என்று எடுத்துக்கொடுத்தார். அவள் மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, புரிந்த இடத்தில் எல்லாம் சிரித்தாள்.

நான் உள்ளே வந்தேன். யாரும் பேச்சை நிறுத்தவில்லை.