இஸ்திரி போட்ட கடிதம்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? நெட்டையும் நலமா? மருத்துவமனையில் இந்தப் புதுக் காய்ச்சல் பற்றிய விசாரிப்புத் தொலைபேசி இப்போது என் மேசையில். ஒரு நாளைக்கு எண்பது பேர், தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோல் பேசுகிறார்கள். கொடுத்த தாளை வாசிக்கிறேன்: நெருங்கிப் பழகினால் யாருக்கும் வரும், காகிதத்தில் பரவாது. எல்லாம் கேட்டுவிட்டு, “அந்த மாதிரி ஆம்பளைங்களாலதானே வந்துச்சு?” என்கிறார்கள்.

நீயும் நெட்டையும் பன்னிரண்டு வருடமாய்க் குடித்தனம் நடத்துகிறீர்கள். யாரும் முகம் சுளித்ததில்லை. இப்போது நெட்டை தைத்த சீருடையை மகள் போடக்கூடாதென்று அத்தான் மூட்டை கட்டி வைத்துவிட்டார். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே. கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா

ஜூன் 17

தம்பிக்கு,

பதில் வந்தது. நான்கு தாள், ஓர் எழுத்துகூட இல்லை. அவ்வளவு கோபமா? ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மேகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் கண்ணயர்ந்தபோது கனவில் நீ இஞ்சு டேப்போடு வந்தாய். என் தோளை அளந்தாய், திரும்பத் திரும்ப அளந்தாய், வாயையே திறக்கவில்லை. திட்டியாவது எழுதடா.

அக்கா

பி.கு.: உன்னிடம் மறைப்பானேன். பிரிக்குமுன் உறையை இஸ்திரிப் பெட்டியால் இருபுறமும் தேய்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி அப்படித்தான் செய்கிறாள்.

ஜூன் 25

அக்காவுக்கு,

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கடையில் துணிக்குக் குறி போடும் பேனாவால் எழுதிவிட்டேன். தைத்து முடித்து இஸ்திரி போட்டதும் மறைய வேண்டும், அதற்கென்றே செய்த மை. நெட்டை, “உன் அக்கா என்னை இஸ்திரி போட்டே அழிச்சிட்டாங்களே” என்றான். எனக்கு வலித்தது அக்கா. ஊருக்கு வாசிக்கிற தாளை நீ ஒரு தரம் உனக்கும் வாசித்திருக்கலாம்.

தாள்களை ஒரு நாள் ஃப்ரீசரில் வை, குளிரில் எழுத்து திரும்பி வரும். அதில் கேட்டதை இரண்டாம் முறை கேட்க மாட்டேன். முகவரி மாறிவிட்டது, உறைமேல் இருக்கிறது. இதைப் பென்சிலால் எழுதுகிறேன், தாராளமாகத் தேய்த்துக்கொள்.

தம்பி

ஜூலை 1

என் தம்பிக்கு,

எழுத்து வந்துவிட்டது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் நடந்து வருவதுபோல, முதலில் ‘அக்கா’, பிறகு ‘நெட்டை’, பிறகு மற்றதெல்லாம். ‘வெட்டாத துணியைக்கூட ஆட்கள் திருப்பி வாங்கிப் போகிறார்கள். இருபதாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். எங்கள் இருவருக்கும் காய்ச்சல் இல்லை, பத்து நாள் மாடி அறை தருவாயா?’

இருபதாம் தேதி நான் எண்பது பேரிடம் பயப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறதடா.

மாடி அறையைக் கூட்டித் துடைத்துவிட்டேன். மகள் மூட்டையை அவிழ்த்துச் சீருடையைப் போட்டுக்கொண்டாள். அத்தான் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். நெட்டையிடம் மன்னிப்பை நேரில்தான் கேட்கவேண்டும். பத்து நாள் கணக்கெல்லாம் வேண்டாம். இருவரும் வாருங்கள்.

உன் பென்சில் கடிதத்தைத் தேய்க்காமலே பிரித்தேன். இதைப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருக்கிறேன். அழிகிறதா என்று இஸ்திரி போட்டுப் பார்.

உங்கள் இருவருக்கும்
அக்கா