கூடையிலிருந்து கத்தியை எடுத்துவிடு

சேலம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் தமிழரசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஜெர்மனிக் குளிரில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. உன் தங்கை உயிரோடு இருக்கிறாள், அப்பா கஞ்சி குடிக்கிறார், சுகம் அவ்வளவுதான். போனில் நீ யாரையும் பேச விடுவதில்லை, வந்து அவனை வெட்டுவேன் என்றே கத்துகிறாய். அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், உன் மாமன் மகன் மாதேஷ் போட்டோ எடுத்து அனுப்புவான். கத்தாமல் படி.

ரமேஷ்குமாரை இனி மாப்பிள்ளை என்று எழுத மாட்டேன். அவன் குடித்துவிட்டு அடித்ததும், அகல்யா நம் வீட்டுக்கு வந்து விவாகரத்துக்கு மனு போட்டதும் உனக்குத் தெரியும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த மறுநாள் அவன் பரமத்தி வேலூர் வந்து, நம் கொல்லுப்பட்டறை வாசலில் நின்று, கோழிக்கடை போடப்போகிறேன், நல்ல கத்தியாக ஒன்று வேண்டும் என்றான். அப்பா அவன் மூஞ்சியைப் பார்த்தார். "உங்களுக்குக் குடுக்கறாப்பல எங்கிட்டக் கத்தி இல்லீங்க, கெளம்புங்க" என்றார். அப்போதும் ங்க போட்டுத்தான் பேசினார், நானாக இருந்தால் உலையில் காய்ந்த இடுக்கியால் பேசியிருப்பேன். அவன் போய்விட்டான், சனியன் விட்டது என்று நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். திரும்பிப் போகிற பஸ்ஸிலேயே அவன் போனை எடுத்து, கூட்டாளி பெயரில், குமாரபாளையம் விலாசத்துக்கு, நம் கரும்புக் கத்தியை நீ நெட்டில் திறந்து வைத்த கடையின் கூடையில் போட்டுப் பணமும் கட்டிவிட்டான். இது போலீஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் படத்தைப் பார்த்துப் போன் செய்வார்கள், "எதுக்குங்க, கரும்புக்கா தென்னைக்கா" என்று அப்பா நாலு வார்த்தை பேசித்தான் அனுப்புவார். பேசாமலே வாங்கலாம், அதுதான் வசதி என்றாய். வசதியாகத்தான் இருந்தது, வியாபாரமும் ஏறியது, இல்லை என்று சொல்லவில்லை. தறி ஓட்டுகிற குமாரபாளையத்தில் கரும்புக் கத்தி யாருக்கு என்று கேட்க ஆள் இல்லை. பார்சலை நான்தான் கட்டினேன். பிரிக்கிறவர்கள் கையை அறுத்துவிடக் கூடாது என்று கத்தி வாய்க்கு அட்டை வைத்துச் சாக்கு சுற்றினேன். யார் கை அறுபட்டது பார்.

நாமக்கல் பஸ்ஸுக்கு நின்ற அகல்யாவைப் பின்னால் வந்து அந்தக் கத்தியாலேயே வெட்டினான். முதல் வெட்டு தோளில், அடுத்ததை வலது கையால் தடுத்தாள், உள்ளங்கை எலும்புவரை பிளந்துவிட்டது. மூன்றாவதை ஓங்குவதற்குள் வெற்றிலைக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் பாய்ந்து, கையில் கிடைத்த கட்டையால் அவன் காலை முறித்துப் போட்டார்கள். அவர்கள் குலம் நன்றாக இருக்கட்டும், இன்னொரு காலையும் முறித்திருக்கலாம். அப்பா அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார், போலீஸோடு நான் பட்டறையில் நிற்கிறேன், அப்போது போனில் டிங் என்று அடுத்த ஆர்டர் விழுகிறது. இன்னொரு கரும்புக் கத்தி. போனைப் பட்டறைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் ஒரே போடு போட்டேன். நீ கூப்பிட்டு நான் எடுக்காதது அதனால்தான்.

நீ கோபத்தில் கடையையே மூடிவிட்டாய் என்று மாதேஷ் சொன்னான். அப்பாவும் மூடினது மூடினபடி கிடக்கட்டும் என்கிறார். அகல்யாவுக்கு மட்டும்தான் அது பிடிக்கவில்லை. "கூடை என்னம்மா பண்ணுச்சு, வெட்டுனது அவன். அண்ணனைக் கடையத் தொறக்கச் சொல்லு, கேசுக்கும் சோத்துக்கும் எங்க போறது" என்றாள். அவள் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. கத்தியையும் அரிவாளையும் கூடையிலிருந்து எடுத்துவிடு. படம் இருக்கட்டும், பணம் கட்டுகிற பொத்தான் வேண்டாம், அப்பா நம்பரைப் போடு. மண்வெட்டி, களைக்கொத்து, தேங்காய் துருவி எல்லாம் கூடையிலேயே இருக்கட்டும். கத்திக்குப் பணம் கட்டிக் காத்திருப்பவர்களுக்குத் திருப்பி அனுப்பிவிடு, காரணம் எழுத வேண்டியதில்லை.

இனி நீ வாங்கியிருக்கிற டிக்கெட் விஷயம். அவன் இதே ஆஸ்பத்திரியில் மாடியில், போலீஸ் காவலில் காலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறான் என்று தெரிந்துதானே கிளம்புகிறாய். உனக்கு முன்னால் நான் போய்விட்டேன். நேற்று முன்தினம் அகல்யா தூங்கும்போது, அப்பா மருந்து வாங்கப் போன சமயம், சுடு டீயைப் பிளாஸ்க்கில் வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். சொந்தக்காரி என்று சொல்லி உள்ளே புகுந்து அவன் மார்பில் கொட்டினேன். அவன் அலறினான். போலீஸ்காரப் பெண் என் முடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள், அப்போதும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மனசுக்கு நிம்மதி கிடைக்கவில்லை என்று உன்னிடம் நடிக்க மாட்டேன், வயிறு குளிர்ந்துதான் படி இறங்கினேன். கீழே வந்தால் கட்டிலில் இவள் இல்லை. விழித்திருக்கிறாள், தாகம், என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் இல்லை என்றதும் தானே எழுந்து தண்ணீரை எடுக்கப் போய், வெட்டுப்பட்ட கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். தையல் அத்தனையும் பிரிந்து மறுபடி ஆபரேஷனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். தரையில் கிடந்த ரத்தத்தை ஒரு அம்மாள் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் மடங்கும் என்று முன்பு சொன்ன டாக்டர், இப்போது இரண்டு விரலைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அதனால் வா சாமி, கட்டாயம் வா, ஆனால் மாடிக்கு வராதே. உன் தங்கைக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும். பயணத்தில் வேளைக்குச் சாப்பிடு. அங்காளம்மன் உன்னைக் கையும் காலும் முழுசாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
முத்தாயம்மாள்.